அங்கியை அல்ல, அட்டையைக் காட்டுங்கள்

கேமரன் மலையின் தானா ராத்தா பேருந்து நிலையத்தில் இதை மூன்றாவது முறையாகப் பார்க்கிறேன். நாயின் முதுகிலுள்ள சிவப்பு அங்கியைக் காட்டி, "சேவை நாய், ஏத்தித்தான் ஆகணும்" என்கிறார் பயணி. ஓட்டுநர் மறுக்கிறார். வாக்குவாதம் முடிவதற்குள் பேருந்து போய்விடுகிறது.

அங்கியை இணையத்தில் யாரும் வாங்கலாம். அது உரிமைச் சீட்டு அல்ல. மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டம் (சட்டம் 685) 26ஆம் பிரிவில் பொது இடங்களையும், 27இல் பொதுப் போக்குவரத்தையும் மற்றவர்க்குச் சமமாகப் பயன்படுத்தும் உரிமை தருகிறது. உரிமை மனிதருக்கு; நாய்க்கல்ல. மறுப்பவருக்குத் தண்டனையும் அதில் இல்லை. இத்தனை ஆண்டுகளாக அதை ஏட்டுச் சுரைக்காயாகவே வைத்திருப்பவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. பார்வையிழந்த ஸ்டீவன்ஸ் சான், லாஷான் என்ற வழிகாட்டி நாயோடு வாசல் வாசலாகப் போராடியதை நாடே பார்த்தது.

உரிமை மனிதருக்கு என்பதால், முதலில் மாற்றுத் திறனாளிகளுக்கான ஓகேயூ அட்டை எடுங்கள். தேயிலைத் தோட்டத்து வீடுகளில் நீரிழிவால் பார்வை போன பெரியவர்கள் பலர் இதை எடுப்பதே இல்லை. "வயசான காலத்துல கார்டு எதுக்கு?" என்கிறார்கள். சமூகநல இலாகாவின் மாவட்ட அலுவலகத்தில் பதிவுப் பாரம் கிடைக்கும், கட்டணமில்லை. அடையாள அட்டை நகல், கடவுச்சீட்டு அளவுப் படம் வேண்டும். மருத்துவர் நிரப்பும் பகுதியை தானா ராத்தா அரசு மருத்துவமனையில் கேளுங்கள். கையெழுத்தும் முத்திரையும் இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். முத்திரை விடுபட்டதால் மலையேறித் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து நாயின் தாள்கள்: மாவட்ட மன்றத்தின் நாய் உரிமம், தடுப்பூசிப் புத்தகம், பயிற்சிப் பள்ளியின் கடிதம். டிக்கெட் வாங்கும் முன்பே பேருந்து நிறுவனத்திடம் நாயைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். நாயின் ஈரம் பட்டால் முஸ்லிம்கள் சமய முறைப்படி கழுவ வேண்டும். அவர்கள் ஒதுங்குவதைப் பகையாக எடுக்காதீர்கள். பாய் விரித்துக் காலடியிலேயே நாயைப் படுக்க வையுங்கள்.

மன ஆறுதலுக்காக வளர்க்கும் பிராணிக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. மனநல மருத்துவரின் கடிதம் உங்கள் சிகிச்சைக்கு உதவும். பிராணிக்கு வாசல் திறக்காது. அமெரிக்காவிலேயே 2021 முதல் விமான நிறுவனங்கள் அதைச் சேவை நாயாக ஏற்க வேண்டியதில்லை. சேவை நாயே ஆனாலும், வெளிநாட்டிலிருந்து கொண்டுவர இறக்குமதி அனுமதி வேண்டும். பயணத்துக்கு முன்பே எடுங்கள், விமான நிலையத்தில் போய்க் கெஞ்சாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன்: அங்கி எங்கும் செல்லாது.

அட்டை இருந்தும் மறுத்தால் சண்டை வேண்டாம். தேதி, நேரம், பேருந்து எண், மறுத்தவர் சொன்ன காரணம் ஆகியவற்றை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். எழுத்தில் புகார் ஒன்று சமூகநல இலாகாவுக்கு, ஒன்று மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்கு. நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்காமல் முகப்பை விட்டு நகராதீர்கள்.