நிக்கல் துப்பாக்கிக்கு எந்தப் பிடி?

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம்மவர் வழக்கு. துப்பாக்கிக்கும் இது பொருந்தும் என்று சொன்னால் நேயர்கள் நகைக்கக்கூடும். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பழைய கைத்துப்பாக்கிகளைச் சேகரிக்கும் கனவான்களைக் கேட்டுப் பாருங்கள். குழல் எவ்வளவு நீளம், தோட்டா எவ்வளவு பருமன் என்பவற்றையெல்லாம் ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டு, கைப்பிடியைப் பற்றி ஐந்து மணி நேரம் வாதாடுவார்கள். தந்தமா, முத்துச்சிப்பியா, மான் கொம்பா, மரமா, ரப்பரா? துப்பாக்கி நிக்கல் முலாம் பூசியதாக இருந்துவிட்டாலோ, வாதம் இன்னும் முற்றிவிடும்.

இதில் நமக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் துப்பாக்கியை நம் நாட்டுச் சாமானிய வீடுகளுக்கு எட்டாத வஸ்துவாக்கிவிட்டது. பிறகு வந்த 1959-ஆம் வருஷத்துச் சட்டமும் லைசென்ஸ் இல்லாமல் அதைத் தொடவிடுவதில்லை. அமெரிக்காவிலோ, நம் வீட்டில் பாட்டியின் வெற்றிலைச் செல்லம் இருப்பது போலப் பல வீடுகளில் பாட்டனாரின் துப்பாக்கி இருக்கிறது. பழைய பித்தளையைப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கிய அவசரம் நம்மில் பலருக்குத் தெரியும். அதே அவசரந்தான் அங்கே துப்பாக்கியின் பிடியில் வேலை செய்கிறது. அதோடு அந்தப் பிடிகளில் சில, நம் காட்டு யானையையும் கடமானையும் தொட்டுச் செல்கின்றன.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஜான் பிரௌனிங் என்ற மேதாவி வகுத்த சட்டைப்பைத் துப்பாக்கியைக் கனெக்டிகட் மாகாணத்து ஹார்ட்ஃபோர்டு நகரில் அப்போது இருந்த கோல்ட் கம்பெனியார் 1903-ஆம் வருஷத்தில் விற்கத் தொடங்கினார்கள். நாற்பது வருஷங்களுக்கு மேல் அது உற்பத்தியாயிற்று. ஐந்து லக்ஷத்துக்கும் அதிகமானவை வெளிவந்தன. பெரும்பாலானவை கருநீல மெருகு கொண்டவை. கூடுதலாகப் பணம் கொடுத்தவர்களுக்கு நிக்கல் முலாம் பூசிக் கொடுத்தார்கள். பிடியின் இருபுறமும் பதித்த தகடுகள், 1920-களின் நடுப்பகுதி வரையில், பாயும் குதிரை முத்திரை பதிந்த கறுப்புக் கெட்டி ரப்பர். பிறகு கட்டம் செதுக்கிய வால்நட் மரம். தந்தமும் சிப்பியும் வேண்டியவர்கள் தனியாகச் சொல்லி வைத்து வாங்கினார்கள்.

இப்படிப்பட்ட நிக்கல் துப்பாக்கி ஒன்று பேரன் கைக்கு வருகிறது. பளபளவென்று இருக்கிறது. ஆனால் பிடி மட்டும் மங்கிய கறுப்பு ரப்பர்; வெயில் பட்டுப் பட்டுச் சற்றுப் பழுப்பேறியிருக்கிறது. ரப்பருடன் கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துக் காய்ச்சிக் கெட்டிப்படுத்தும் முறைக்கு 1851-இல் நெல்ஸன் குட்இயர் என்பவர் உரிமை பெற்றார். அந்தக் கந்தகமே வெளிச்சத்தில் மாறுதலடைந்து கறுப்பைப் பழுப்பாக்குகிறது. பேரனுக்கோ அது அழுக்காகத் தோன்றுகிறது. "வெள்ளி போன்ற துப்பாக்கிக்குத் தந்தப்பிடி போட்டால் எப்படி இருக்கும்!" என்று ஆசை பிறக்கிறது.

இந்த ஆசைக்கு ஜெனரல் பாட்டன் பெரிதும் காரணம். 1916-இல், மெக்ஸிகோ எல்லையில் லெப்டினண்டாக இருந்தபோது, டெக்ஸாஸ் மாகாணத்து எல் பாஸோவில் அவர் ஒரு கோல்ட் ரிவால்வர் வாங்கினார். உடலெங்கும் சித்திர வேலை, வெள்ளி முலாம், தந்தப்பிடியில் அவர் பெயரின் முதலெழுத்துக்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் அது உலகப் பிரசித்தி பெற்றது. பத்திரிகைக்காரர்கள் அதை முத்துச்சிப்பிப் பிடி என்று எழுதிவிட்டார்கள். ஜெனரலுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சிப்பிப்பிடி எப்படிப்பட்ட ஆசாமிகளுக்கு ஏற்றது என்று அவர் சொன்னதாக வழங்கும் வாக்கியத்தைக் குடும்பத்தினர் படிக்கும் பத்திரிகையில் அப்படியே அச்சிட இயலாது. ஒழுக்கங்கெட்ட விடுதிகளில் தரகு பார்ப்பவனுக்கே அது தகும் என்பது அதன் சாரம். அந்தத் துப்பாக்கி பிற்காலத்தில் கென்டக்கியில் ஃபோர்ட் நாக்ஸிலுள்ள அவர் பெயர் கொண்ட பொருட்காட்சிசாலையைச் சேர்ந்தது.

சிப்பியை அவர் இவ்வளவு தூஷித்திருக்க வேண்டாம் என்பது நமது அபிப்பிராயம். தூத்துக்குடிக் கடலில் முன்பு எடுத்துவந்த முத்துச்சிப்பி சிறியது, மெல்லியது, துப்பாக்கிப்பிடிக்கு உதவாது. ஆஸ்திரேலியாவின் வடமேற்கே புரூம் துறைமுகத்தில் மூழ்கி எடுத்த சிப்பிகளோ சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வளர்பவை. அவற்றின் உள்புறத்தை அறுத்து மெருகிட்டால், நிக்கலின் மேல் வானவில் ஓடும். குறை என்னவென்றால், கீழே விழுந்தால் உடையும். கை வியர்த்தால் வழுக்கும். நிக்கல் என்பது குரோமியம் போல நீலம் பாரித்த வெண்மை அல்ல. இலேசான மஞ்சள் கலந்தது. பழுத்த தந்தம் அந்த மஞ்சளோடு இழைந்து போகும். சிப்பி சற்றே விலகி நிற்கும். எனவே கண்ணுக்கு மட்டும் தீர்ப்புச் சொல்வதானால் தந்தத்துக்கே நம் வாக்கு.

ஆனால் அது யானையின் பல் அன்றோ? நம் நாட்டு யானையை 1975-லேயே சர்வதேச உடன்படிக்கை வியாபாரத்தினின்று விலக்கிவிட்டது. 1989-இல் ஆப்பிரிக்க யானையையும் அப்பட்டியலில் சேர்த்தார்கள். இந்தியாவில் 1986-இல் உள்நாட்டுத் தந்த வியாபாரமும், 1991-இல் ஆப்பிரிக்கத் தந்த வியாபாரமும் சட்ட விரோதமாயின. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 2016-இல் மாகாணம் விட்டு மாகாணம் தந்தம் விற்பதை ஏறக்குறைய முற்றிலும் தடுத்தன. நூறு வருஷம் கடந்த பழம்பொருள், இருநூறு கிராமுக்குக் குறைந்த தந்தம் கொண்ட சில பொருள்கள் என்று நிபந்தனைகளோடு விலக்குகள் உண்டு. நியூயார்க், கலிபோர்னியா போன்ற மாகாணங்களின் சட்டங்கள் இன்னும் கடுமையானவை. அங்கே உறைபனியிலிருந்து தோண்டியெடுத்த மம்மூத் என்ற ஆதி யானையின் தந்தத்துக்கும் தடை. 1916-இல் யானைத் தந்தம் பதித்த துப்பாக்கி சரித்திரப் பொருள்; அதைக் கழற்றி எறிவதால் எந்த யானையும் பிழைக்கப் போவதில்லை. இன்று ஆசைக்காகப் புதிதாகத் தேடுவது வேறு விஷயம். தங்க ஊசி என்பதற்காகக் கண்ணில் குத்திக்கொள்வார்களா?

போலித் தந்தத்தின் கதையோ விபரீதமானது. பில்லியர்ட் பந்துகளுக்குத் தந்தம் போதாமல் போனபோது, மாற்றுப் பொருள் கண்டுபிடிப்பவருக்குப் பதினாயிரம் டாலர் என்று 1860-களில் அமெரிக்காவில் ஒரு பரிசு அறிவிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து ஜான் வெஸ்லி ஹையட் என்பவர் கண்டதே ஸெல்லுலாயிட். நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சும் கர்ப்பூரமும் கலந்தது. சீப்பு, கத்திப்பிடி, பொம்மை என்று எங்கும் பரவிய இந்தப் பொருள், தந்தத்தின் ரேகைகளைப் போலவே வரிகள் போட்டும் விற்பனையாயிற்று. வயதானால் இது தானாகவே சிதையத் தொடங்கி அமில ஆவியைக் கக்கும். அருகிலுள்ள உலோகமெல்லாம் துருப்பிடிக்கும். நிக்கல் முலாத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருப்பதால், ஆவி உள்ளே புகுந்து இரும்பை அரித்து, முலாம் கொப்புளித்து உரியும். பிடியைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும், அதன் அடியில் நடந்த சேதம்.

எப்படி அடையாளம் காண்பது? கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துச் சூடேற்றினால் கர்ப்பூர வாசனை வருவது ஸெல்லுலாயிட். சிலர் பழுக்கக் காய்ச்சிய ஊசியைக் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். அது கூடவே கூடாது. ஸெல்லுலாயிட் குப்பென்று தீப்பற்றும் பொருள். உண்மைத் தந்தமானால், பிடியின் அடிப்பக்கத்தில் குறுக்கு வெட்டாக இரு திசை ரேகைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதைப் பூதக்கண்ணாடியில் காணலாம். அந்த ரேகைகள் கூடும் கோணம் யானைக்கு 115 பாகைக்கு மேல். மம்மூத்துக்கு 90 பாகைக்குக் கீழ். எலும்பில் இந்த ரேகை கிடையாது. சிறு கரும்புள்ளிகளே தெரியும்.

மான் கொம்பு நம் நாட்டுச் சரக்கு. கடமான் வருஷந்தோறும் உதிர்க்கும் கொம்பு, நடுவில் பஞ்சு குறைந்து கெட்டியாக இருப்பதால், ஷெஃபீல்டு, ஜெர்மனி, அமெரிக்கா எங்கும் கத்திப்பிடிக்கும் துப்பாக்கிப்பிடிக்கும் கப்பல் கப்பலாகச் சென்றது. உதிர்ந்தது என்ற பெயரில் சுட்டு வீழ்த்தியதும் கலந்து போகக்கூடும் அல்லவா? 1990-களின் இறுதியில் இந்திய சர்க்கார் ஏற்றுமதியைத் தடுத்துவிட்டார்கள். ஈட்டி மரத்தின் இனம் முழுவதையும் 2017 முதல் சர்வதேச உடன்படிக்கை கட்டுப்படுத்துகிறது. நிக்கலுக்கு மரம் அவ்வளவாகச் சோபிப்பதுமில்லை. தந்த நிறம் வேண்டுமானால், காகிதத்தையோ துணியையோ பிசினில் தோய்த்து அழுத்திய மைகார்ட்டா என்ற பொருள் இருக்கிறது. அது நாளடைவில் அழகாக மஞ்சளேறுகிறது, உலோகத்தை அரிப்பதுமில்லை.

இத்தனையும் பார்த்தபின் பேரனுக்கு என்ன சொல்வது? அந்தக் கறுப்பு ரப்பரை முதலில் கவனிக்கச் சொல்வோம். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, திருகாணியைக் கழற்றித் தகட்டின் உள்புறத்தைப் பார்க்கட்டும். பழைய பிடிகள் பலவற்றில் துப்பாக்கியின் எண்ணைப் பென்ஸிலால் எழுதியோ கீறியோ இருப்பார்கள். எண் பொருந்திவிட்டால், அந்தப் பிடியும் அந்த உடலும் ஒன்றாகவே தொழிற்சாலையை விட்டு வந்தவை. எண் இல்லாவிட்டால், கோல்ட் கம்பெனியாருக்குக் கட்டணம் செலுத்திப் பழைய ஏடுகளைப் பார்த்துச் சொல்லக் கேட்கலாம். எந்த நாளில், எந்த முலாத்துடன், யாருக்கு அனுப்பினார்கள் என்று கடிதம் வரும். விசேஷப் பிடி போட்டிருந்தால் பெரும்பாலும் அதுவும் இருக்கும்.

முலாமே பிற்காலத்தது என்று தெரிய வருவதும் உண்டு. ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியின் மடக்கு ரிவால்வர்களில், உடலுக்கு நிக்கல் பூசினாலும் விசையைக் காக்கும் வளையத்தைக் கருநீலமாகவே விடுவது வழக்கம். வளையமும் வெள்ளையாகப் பளபளத்தால், பிறகு யாரோ மறுமுலாம் பூசியிருக்கிறார்கள் என்று சேகரிப்போர் கண்டுகொள்வார்கள். அப்படிப்பட்ட துப்பாக்கிக்கு மைகார்ட்டாவோ வேறெதுவோ இஷ்டம் போல் போட்டுக்கொள்ளலாம், இழப்பதற்கு ஒன்றுமில்லை. உடலும் முலாமும் பிடியும் மூன்றும் பழையனவாக இருந்தாலோ, பழுப்பேறிய ரப்பரைப் போல அதற்கு இசைந்தது வேறில்லை. வெண்பட்டுக்கு அரக்குக் கரை எப்படியோ, அப்படி நிக்கலுக்குக் கறுப்பு. புதுப்பிடி போட்ட பழந்துப்பாக்கியின் விலை இறங்குவதும், தனியே பிரிந்த பழம்பிடியைத் தேடி வேறொருவர் அலைவதும் அந்நாட்டுச் சந்தைகளில் அன்றாடக் காட்சி.

ஆசை அடங்கவில்லை என்றால், பழைய பிடியைக் காகிதத்தில் சுற்றி, துப்பாக்கியின் எண்ணை எழுதி, பத்திரப்படுத்திவிட்டுப் புதியதைப் போடட்டும். திருகாணியை இறுக்கும்போது விரலுக்குத் தடை தட்டியதும் நிறுத்திவிட வேண்டும். பழங்காலக் கெட்டி ரப்பர் அதற்கு மேல் ஒரு சுற்றில் விரிந்து விடும். அம்மோனியா கலந்த மெருகுத் தைலம் வேண்டாம். முலாத்தின் அடியில் செம்புப் பூச்சு இருந்தால் அதைக் கரைத்துவிடும். தோலுறையில் வைத்துப் பூட்டுவதும் தவறு. தோல் பதனிட்ட சரக்கு நிக்கலில் பச்சைக் களிம்பை வரவழைக்கும். மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி உலர்ந்த பெட்டியில் வைத்தால் போதும்.