வால் சர்வோவுக்குப் போய்ச் சேரும் வோல்ட் எவ்வளவு?

பைப்பர் ஜே-3 கப் என்ற பழைய அமெரிக்க விமானத்தை மூன்றில் ஒரு பங்கு அளவில் செய்தால் இறக்கை முனைக்கு முனை சுமார் 3.6 மீட்டர் வரும். மூக்கிலிருந்து வால் வரை 2.3 மீட்டர். எடை பத்து கிலோவைத் தாண்டும். முன்னால் பெட்ரோல் இன்ஜின் சுற்றும். ரேடியோ கட்டுப்பாட்டில் பறக்கும் இந்த அளவு மாடலை யாரும் பொம்மை என்று சொல்லக்கூடாது. கட்டுப்பாடு இழந்து ஆள்மேல் விழுந்தால் உயிர் போகும்.

இவ்வளவு பெரிய மாடலுக்கு இன்ஜின், ரேடியோ, இறக்கை வால் பலகைகளை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோ எல்லாவற்றையும் விசாரித்து விசாரித்து வாங்குகிறவர்கள், ரேடியோ சிக்னலை வாங்கும் ரிசீவரிலிருந்து வால் சர்வோவுக்கு ஓடும் வயரை மட்டும் கடையில் கையில் கிடைத்ததை எடுத்துப் போடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகைதான் எலிவேட்டர். அதன் சர்வோவை வாலிலேயே பொருத்தினால் வயர் சுலபமாக 1.5 மீட்டர் நீளும். சிறிய மாடல்களுக்கான சாதாரண எக்ஸ்டென்ஷன் வயர் பெரும்பாலும் 26 கேஜ். அதன் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.134 ஓம். மின்சாரம் சிவப்பு வயரில் போய், கறுப்பு வயரில் திரும்ப வேண்டும். ஆகவே 1.5 மீட்டர் ஓட்டத்தை 3 மீட்டராகக் கணக்கிட வேண்டும், மொத்தம் 0.4 ஓம். காற்றின் அழுத்தத்தை எதிர்த்து எலிவேட்டரைத் தூக்க சர்வோ 3 ஆம்பியர் இழுத்தால், 1.2 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். பேட்டரியில் 6 வோல்ட் இருக்கும், சர்வோவுக்கு 4.8 தான் கிடைக்கும். கிராமத்தில் டிரான்ஸ்ஃபார்மருக்குத் தூரத்தில் இருக்கும் கடைசி வீட்டு பல்பு, பக்கத்து வயலில் பம்ப்செட் ஓடியதும் மங்குவது மாதிரிதான் இது. அதிக வலு தேவைப்படும் நொடியில்தான் சர்வோ வலு குறைந்து நிற்கிறது. டைவிலிருந்து விமானத்தை மேலே இழுக்கும் நொடி அது.

வலு குறைவதோடு நின்றாலும் பரவாயில்லை. அந்த 1.2 வோல்ட்டில் பாதி, கறுப்பு வயரில்தான் இழக்கப்படுகிறது. சிக்னல் வயரில் வரும் துடிப்பைச் சர்வோ அளப்பது அந்தக் கறுப்பு வயரை அடிப்படையாக வைத்துத்தான். கறுப்பு வயரின் வால் முனை 0.6 வோல்ட் மேலே ஏறி நின்றால், ரிசீவர் அனுப்பும் 3.3 வோல்ட் துடிப்பு சர்வோவின் பார்வையில் 2.7 வோல்ட் ஆகிவிடும். துடிப்பின் அகலம் 1 முதல் 2 மில்லிசெகண்ட். அந்த அகலத்தில்தான் சர்வோ எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற செய்தி இருக்கிறது. துடிப்பின் விளிம்பைச் சரியாகப் பிடிக்க முடியாதபோது சர்வோ நடுங்குகிறது. நடுங்கும் சர்வோ இன்னும் அதிக ஆம்பியரை இழுக்கிறது. சர்வோவில் கோளாறு என்று புதிதாக வாங்கி மாட்டினாலும் நடுக்கம் போகாது, ஏனென்றால் கோளாறு வயரில் இருக்கிறது.

இதற்கான மருந்து விலை குறைந்தது. அதே 1.5 மீட்டருக்கு, இன்னும் தடித்த 22 கேஜ் போட்டால் 3 ஆம்பியரில் இழப்பு 0.48 வோல்ட். 20 கேஜ் என்றால் சுமார் 0.3. எடை கூடுமே என்பார்கள். 26 கேஜை 22 ஆக்கினால் மூன்று வயரிலும் சேர்த்துக் கூடும் செம்பு ஏறக்குறைய 8 கிராம். பத்து கிலோ விமானத்தில் எட்டு கிராமுக்காக எலிவேட்டரைப் பணயம் வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

வாங்கும்போது உறையில் எழுதியிருப்பதை நம்பாமல் வயரைச் சீவிப் பாருங்கள். சர்வோவுக்கென விற்கும் நல்ல 22 கேஜ் வயரில் 0.08 மில்லிமீட்டர் இழைகள் வழக்கமாக 60 இருக்கும். 26 கேஜில் 30. நகக்கண்ணால் பிரித்து எண்ணிவிடலாம். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிகிறதா? அப்படியானால் அது செம்பு பூசிய அலுமினியம். தடை சுமார் ஒன்றரை மடங்கு, சாலிடரும் சரியாகப் பிடிக்காது. வெளியே மட்டும் வெள்ளையாக, சுரண்டினால் சிவப்பாகத் தெரிவது வெள்ளீயம் பூசிய செம்பு, அது நல்லதே. இன்னும் உறுதி வேண்டுமென்றால் 1.5 மீட்டர் வயரின் சிவப்பையும் கறுப்பையும் ஒரு முனையில் இணைத்து, மறுமுனையில் 1 ஆம்பியர் செலுத்தி மல்டிமீட்டரை வையுங்கள். 22 கேஜ் செம்பானால் 0.16 வோல்ட் அளவில் காட்டும். கால் வோல்ட் காட்டினால் உங்களை ஏமாற்றிவிட்டார்கள்.

வயரைப் போலவே பிளக்கும் கவனிக்க வேண்டியது. நடுவில் இரண்டு மூன்று எக்ஸ்டென்ஷன்களை ஒட்டுப்போட்டால் ஒவ்வொரு இணைப்பும் ஒரு தடை, ஒவ்வொன்றும் அதிர்வில் கழன்றுவிடக்கூடிய இடம். ஒரே நீளமாகப் போடுங்கள். தவிர்க்க முடியாத இணைப்புக்குப் பூட்டு கிளிப் மாட்டுங்கள். பிளைவுட் சட்டத்தின் துளைகளில் ரப்பர் வளையம் போடாவிட்டால் இன்ஜின் அதிர்வில் வயரின் உறை அறுந்துபோகும். மூன்று வயரையும் முறுக்கி ஓட்டுவதும், இன்ஜின் இக்னிஷனுக்குத் தனி பேட்டரி வைத்து ரிசீவரிலிருந்து தள்ளி வைப்பதும் மின் இரைச்சலைக் குறைக்கும். ஃபெரைட் வளையம் போடச் சொல்வது 72 மெகாஹெர்ட்ஸ் காலத்து அறிவுரை. அந்த அலையின் கால் பங்கு நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர் என்பதால் நீண்ட சர்வோ வயரே ஆன்டெனாவாகிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

இன்னொன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாலுக்குப் போகும் வயர் மெலிந்தால் ஒரு சர்வோ தளரும். பேட்டரிக்கும் ரிசீவருக்கும் நடுவிலுள்ள வயரும் சுவிட்சும் மெலிந்தால், எல்லாச் சர்வோவும் ஒன்றாக இழுக்கும் நொடியில் ரிசீவரே மயங்கிவிடும். பல ரிசீவர்கள் சுமார் 3.5 வோல்ட்டுக்குக் கீழே வேலை செய்யாது. இரண்டு பேட்டரி, இரண்டு சுவிட்ச், தனி மின்பகிர்வுப் பெட்டி என்று பெரிய மாடல்காரர்கள் செலவழிப்பது இதற்காகத்தான்.

பறக்குமுன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான். சர்வோ பக்கத்துப் பிளக்கில் மல்டிமீட்டர் முனைகளை வைத்து, எலிவேட்டரைக் கையால் அழுத்திப் பிடித்து, ஸ்டிக்கை இரண்டு மூன்று விநாடி இழுங்கள். அளக்க வேண்டிய இடம் வால். பேட்டரி முனை அல்ல. அரை வோல்ட்டுக்கு மேல் இறங்கினால் அந்த வயரோடு பறக்க விடாதீர்கள்.

சட்டத்தின் பக்கம் வருவோம். அமெரிக்காவில் 55 பவுண்டைத் தாண்டும் மாடலுக்கு, அங்குள்ள மாடல் விமானச் சங்கமான ஏ.எம்.ஏ.வின் பரிசோதகர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஜெர்மனியில் பொறுப்புக் காப்பீடு இல்லாமல் மாடல் பறக்க விட முடியாது. இந்தியாவில் 2021 டிரோன் விதிகள் 25 கிலோ வரையிலான, கண்பார்வைக்குள் பறக்கும் மாடலைத் தனி வகையாக வைத்து, வகைச்சான்றிலிருந்து விலக்களிக்கின்றன. அதாவது உங்கள் வயரிங்கை வேறு யாரும் சோதிக்கப் போவதில்லை. அந்தப் பொறுப்பு முழுக்க உங்களுடையது. மூன்றாம் நபர் காப்பீடு எடுத்துவிடுங்கள். வேடிக்கை பார்க்க வந்தவருக்கும் உரிமை உண்டு. தலைக்கு மேல் பறக்க விடாதே என்று சொல்லலாம். காயம் பட்டால் இழப்பீடு கேட்கலாம்.

22 கேஜ் செம்பு என்று விற்ற வயர் அப்படி இல்லையென்றால் வாங்கியவர் சும்மா இருக்க வேண்டியதில்லை. பில்லையும் இணையக் கடையின் பொருள் விவரப் பக்கத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இணையச் சந்தையின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. குறையுள்ள பொருளால் வேறு சொத்துக்கு வந்த சேதத்தையும் அதன்கீழ் கேட்கலாம். வயரால் விமானம் போனால் வயரின் விலையோடு நிற்க வேண்டியதில்லை.

விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் இணையத்தளம் வழியே விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்குத் தெரிவிப்பது விதி. உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக் குப்பையில் போடுமுன் பேட்டரியைக் கழற்றி, வயரும் பிளக்கும் கிடந்த கிடையில் படமெடுங்கள். அந்த வயரைத் துண்டாக்காமல் முழு நீளமாகச் சுருட்டி, தேதி எழுதி, பில்லோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள். ஆணையத்தில் கேட்கப்படும் முதல் சாட்சி அதுவாகத்தான் இருக்கும்.