கொடி நிறையச் சுரைக்காய்! என்ன செய்வது?

சித்திரை பிறந்துவிட்டால் சுரைக்கொடிக்குக் கொண்டாட்டம்.

தை மாதம் கொல்லையில் இரண்டு விதை ஊன்றினீர்கள். மாசியில் கொடி பந்தலைத் தொட்டது. பங்குனியில் வெள்ளைப் பூ பூத்தது. முதல் காய் வந்தபோது வீடே கூடி நின்று பார்த்தது. கண் பட்டுவிடும் என்று பாட்டி பந்தலில் ஒரு கந்தல் துணியைக் கட்டினாள்.

இப்போது? இன்று மூன்று காய். நாளை மறுநாள் நான்கு காய். பகலில் கூட்டு, இரவில் பொரியல். மூன்றாம் நாள் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுகிறார்கள்.

"இன்றைக்கும் சுரைக்காயா, அம்மா?"

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் தனி வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இந்த இன்பத் தொல்லை நன்றாகத் தெரியும்.

ஏரிப் பாசன மண்

இந்தப் பகுதி ஒரு காலத்தில் ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்வெளி. 1960-களில் ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலை வந்தது. அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. வயல்கள் வீட்டு மனைகள் ஆயின. ஆனாலும் நாலடி மண் இருந்தால் போதும், சுரைக்கொடி ஏறிவிடும். மொட்டை மாடியில் பையில் மண் போட்டு வளர்ப்பவர்களும் உண்டு.

வீட்டுக் கொடியின் அருமை எப்போது தெரிந்தது? 2020 மே மாதம். கொரோனா பரவியதால் கோயம்பேடு காய்கறி மார்க்கெட் மூடப்பட்டது. பூந்தமல்லியை அடுத்த திருமழிசையில் தற்காலிக மார்க்கெட் திறந்தார்கள். வெளியே போகவே மக்கள் அஞ்சிய நாட்கள் அவை. கொல்லையில் கொடி இருந்த வீட்டில் காய்க்குக் கவலை இல்லை.

நகத்தால் ஒரு கீறல்

காயைப் பெரிதாக வளர விடுவதில் பலருக்கு ஆசை. "இன்னும் நாலு நாள் இருக்கட்டும்" என்பார்கள். அது சரியல்ல. முற்றிய காய் கொடியில் தொங்கினால், கொடியின் சத்தெல்லாம் அதன் விதைக்கே போகும். புதுப் பிஞ்சு குறையும்.

நகத்தால் லேசாக அழுத்திப் பாருங்கள். நகம் இறங்கினால் பறிக்கும் பருவம். இறங்காவிட்டால் முற்றல். பிஞ்சுக் காயின் தோலில் பூனைமுடி போல மெல்லிய ரோமம் இருக்கும். அந்தக் காயில் தோல், சதை, விதை மூன்றும் சாப்பிடலாம்.

கசந்தால் வேண்டாம்!

தாய்மார்களே, சமையலுக்கு முன் இதைப் படியுங்கள். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

சுரைக்காயை நறுக்கியதும் ஒரு மெல்லிய துண்டை நாக்கில் வையுங்கள். லேசாகக் கடித்துவிட்டுத் துப்பிவிடுங்கள். நல்ல காய் சப்பென்று இருக்கும். கசந்தால் அந்தக் காய் வேண்டாம். முழுவதையும் குழி தோண்டிப் புதையுங்கள். மாட்டுக்கும் போட வேண்டாம்.

கசப்புச் சுரைக்காயில் விஷம் உண்டு. குக்குர்பிட்டசின் என்று அதற்குப் பெயர். வேக வைத்தாலும் போகாது. உப்பும் புளியும் போட்டாலும் போகாது.

2010-ம் ஆண்டு டெல்லியில் ஒரு விஞ்ஞானி சுரைக்காய்ச் சாறு குடித்தார். உடம்புக்கு நல்லது என்று பல நாளாகக் குடித்து வந்தவர்தான். அன்று சாறு கசந்தது. பாகற்காய்ச் சாறும் அதில் கலந்திருந்தது. அதனால் கசப்பைப் பெரிதாக நினைக்கவில்லை போலும். உயிர் போய்விட்டது. படித்த மனிதர், விஞ்ஞானி! அவருக்கே அந்தக் கதி.

அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழு இதை ஆராய்ந்தது. 2012-ல் அறிக்கை வெளிவந்தது. கசக்கும் சாற்றைக் குடிக்காதே, வேறு சாற்றோடு கலக்காதே என்பதே அவர்கள் சொன்ன புத்தி.

இது நம் நாட்டுக் கதை மட்டும் அல்ல. சுக்கினி என்ற பச்சைக் காய் இப்போது நம் ஊர்ப் பெரிய கடைகளிலும் வருகிறது. வெள்ளரிக்காய் போல இருக்கும். ஆனால் பூசணி இனம். மேல்நாட்டில் கோடையில் அது நம் சுரைக்காயைப் போலவே காய்த்துத் தள்ளும். தின்று தீராமல் அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார்கள். 2015-ல் ஜெர்மனியில் ஐடன்ஹைம் என்ற ஊரில், பக்கத்து வீட்டுக்காரர் அன்போடு கொடுத்த சுக்கினியை ஒரு கணவனும் மனைவியும் சமைத்துச் சாப்பிட்டார்கள். காய் கசப்பாக இருந்தது. 79 வயதுக் கணவர் இறந்துவிட்டார். மனைவி பிழைத்தார். கொன்றது அதே வகை விஷம்தான்.

நல்ல கொடியில் கசப்பு எப்படி வருகிறது? வேலி ஓரத்தில் பேய்ச்சுரை இருக்கும். அதன் மகரந்தத்தைப் பூச்சி கொண்டுவந்து நம் பூவில் சேர்க்கும். அந்தக் காயின் விதையை அடுத்த வருஷம் ஊன்றினால் கசப்புக் கொடி முளைக்கலாம். கடும் வெயிலில் தண்ணீர் இல்லாமல் கொடி வாடினாலும் கசப்பு ஏறும். ஆகவே கோடையில் தினமும் தண்ணீர் விடுங்கள்.

ஒரு கொடியின் காய் கசந்தால் அந்தக் கொடியையே பிடுங்கி விடுவது நல்லது. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் காய் கொடுக்கும்போது, "நறுக்கினதும் நாக்குல வச்சுப் பாருங்கக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள்.

தெரியாமல் சாப்பிட்டு வயிற்று வலி, வாந்தி, பேதி கண்டால் கை வைத்தியம் வேண்டாம். இதற்கு மாற்று மருந்து கிடையாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள்.

சரி, காய் கசக்கவில்லை. அடுப்பைப் பற்ற வைக்கலாம்.

உப்பு கடைசியில்!

சுரைக்காயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். சட்டி நிறையப் போட்டால் பாதியாக வற்றும். முதலிலேயே உப்புப் போட்டால் கரித்துவிடும். வெந்த பிறகு போடுங்கள். தண்ணீரும் ஊற்ற வேண்டியதில்லை. மூடி வைத்தால் அதன் தண்ணீரிலேயே வேகும்.

கூட்டு எல்லாருக்கும் தெரியும். பாசிப்பருப்பு, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் போதும். அதை விட்டுவிடுவோம்.

சென்னைப் பக்கத்துக்கே உரியது சென்னாகூனி சேர்த்த சுரைக்காய். சென்னாகூனி என்பது பொடி இறால் கருவாடு. அதை வெறும் சட்டியில் வறுத்து, மணல் போகப் புடைத்து, இரண்டு தண்ணீரில் அலசுங்கள். எண்ணெயில் வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் போட்டுச் சுரைக்காயைக் கொட்டுங்கள். பாதி வெந்ததும் சென்னாகூனியைச் சேருங்கள். கருவாட்டில் உப்பு உண்டு. பார்த்துப் போடுங்கள். தட்டைத் தள்ளிய பிள்ளை இப்போது இன்னும் ஒரு கரண்டி கேட்கும்! வங்காளிகளும் சுரைக்காயோடு இறாலைத்தான் சேர்க்கிறார்கள். ருசி அறிந்தவர்கள்!

கருவாடு ஆகாத வீட்டில் பால் கறி செய்யலாம். திருவள்ளூர்ப் பக்கம் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. அவர்கள் வீட்டுப் பண்டம் இது. சுரைக்காயைப் பச்சை மிளகாயுடன் குழைய வேக வைத்து, உப்புப் போட்டு இறக்கி விடுங்கள். சற்று ஆறியதும் காய்ச்சிய பால் அரை டம்ளர் ஊற்றுங்கள். கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளியுங்கள். புளியோ தக்காளியோ கூடாது. பால் திரிந்துவிடும்.

சுரைக்காய் என்று தெரியாமலே தீர்க்க வேண்டுமா? அடை சுடுங்கள். புழுங்கல் அரிசி 2 டம்ளர், துவரம்பருப்பு அரை டம்ளர், கடலைப்பருப்பு அரை டம்ளர், காய்ந்த மிளகாய் 6. மூன்று மணி நேரம் ஊறவைத்துக் கெட்டியாக அரையுங்கள். துருவிய சுரைக்காய் ஒரு டம்ளர், வெங்காயம், பெருங்காயம், உப்புச் சேருங்கள். காய் தண்ணீர் விடும். ஆகையால் மாவு தண்ணீராக இருக்கக் கூடாது. அடுப்பை அடக்கி எரித்து, நிதானமாகச் சுடுங்கள்.

தோலை எறியாதீர்கள். பிஞ்சுக் காயின் தோலை நல்லெண்ணெயில் சுருள வதக்குங்கள். வறுத்த உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், நெல்லிக்காய் அளவு புளி, கொஞ்சம் தேங்காய், உப்பு வைத்துக் கரகரவென்று அரைத்தால் துவையல். சுடுசோற்றில் பிசைந்தால் வேறு எதுவும் கேட்காது. கொழுந்தையும் இளம் இலையையும் வங்காளத்தில் கீரையாகவே சமைக்கிறார்கள். ஓடும் கொடியைக் கிள்ளிவிட வேண்டியிருந்தால், கிள்ளியதைப் பருப்பில் போட்டுக் கடையலாம்.

வெயிலும் உதவும்

மே மாத அக்னி நட்சத்திர வெயிலைத் திட்டாதவர் இல்லை. அந்த வெயிலில்தான் வடகம் நன்றாகக் காயும்.

பூசணிக்காயில் போடும் வடகத்தைச் சுரைக்காயிலும் போடலாம். உளுந்து ஒரு டம்ளர் ஊறவைத்து, பச்சை மிளகாய், பெருங்காயத்துடன் தண்ணீர் தெளிக்காமல் கெட்டியாக அரையுங்கள். இரண்டு டம்ளர் துருவிய காயை நன்றாகப் பிழிந்து அதில் கலந்து, கடைசியில் உப்புப் போடுங்கள். மாடியில் வேட்டி விரித்துக் கிள்ளி வையுங்கள். மாலையில் எடுத்து உள்ளே வையுங்கள். நாலைந்து நாளில் கல் போலக் காயும். மழைக்காலத்தில் காய் விலை ஏறும்போது வற்றல் குழம்புக்கு ஆகும். பிழிந்த தண்ணீரையும் கொட்டாதீர்கள். சப்பாத்தி மாவு பிசையலாம்.

விதைக்கு ஒன்று

எல்லாக் காயும் நல்லபடியாக இருந்த கொடியில், ஒரே ஒரு காயை மட்டும் முற்ற விடுங்கள். பக்கத்தில் பேய்ச்சுரை இருந்தால் வேண்டாம். கடையில் புது விதை வாங்கிக்கொள்ளுங்கள். எந்த விதையானாலும் அடுத்த வருஷக் காயையும் ருசி பார்த்துத்தான் சமைக்க வேண்டும்.

முற்றிய காய் கொடியிலேயே காய்ந்து ஓடாகும். குலுக்கினால் விதை கடகடவென்று ஆடும். காம்புப் பக்கம் அறுத்து விதையை எடுத்துக்கொண்டு, உள்ளே சுரண்டிக் காய வைத்தால் அதுதான் சுரைக்குடுக்கை. வீணையின் ஒரு பக்கம் தொங்குகிறதே, அந்தச் சிறு குடமும் பழைய வழக்கப்படி சுரைக்குடுக்கைதான். விதையைச் சாம்பலில் புரட்டி, அந்தக் குடுக்கைக்குள்ளேயே போட்டு, அடுப்பங்கரையில் எலிக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். தை மாதம் எடுத்துக்கொள்ளலாம்.