கச்சான் காலத்திற் கோழிகளுக்குக் குடிநீர்

பனி பெய்யும் வட தேசங்களிலே குளிர்காலத்திற் கோழி வளர்ப்போரின் பெருங்கவலை, குடிநீர் சட்டியிலேயே உறைந்து கட்டியாகிவிடுவதாகும். சட்டி நிறைந்திருக்கும், கோழியோ விடாய்த்து நிற்கும். ஆகையால் அங்குள்ளோர் நாளுக்கு இரண்டு மூன்று முறை வெதுவெதுப்பான நீரைக் கொண்டுபோய் ஊற்றுவர். வெயிலை உறிஞ்சும்படி கறுப்பு றப்பர்த் தொட்டிகளை வெயில் படும் இடத்தில் வைப்பர். இலங்கையில் நுவரெலியாவிலே தை, மாசி மாத விடியற்காலைகளில் உறைபனி விழுவதுண்டு. மட்டக்களப்புப் பகுதியில் அதற்கு இடமேயில்லை. ஆயினும் சட்டியில் நீர் இருக்கக் கோழி தாகத்தால் வாடும் அதே கேடு பாசிக்குடா, கல்குடா, வாழைச்சேனை, கிரான் முதலிய ஊர்களிலும் உண்டு. இங்கே அதனை விளைப்பது கச்சான் காற்று.

தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலே பொழிந்துவிட்டு, ஈரம் இழந்து, கீழ்நோக்கி இறங்குகையில் மேலும் சூடேறிக் கிழக்குக் கரையை அடைகின்றது. வைகாசி தொடக்கம் ஆவணி வரை வீசும் இக்காற்று வயலை வெடிக்கச் செய்து, கத்தரி, மிளகாய்ச் செடிகளை நண்பகலில் துவளச் செய்வதைக் கமக்காரர் யாவரும் அறிவர். வளவிலே திரியும் கோழிக்கு அது செய்வதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அதன் இயல்பான உடற்சூடு 41 பாகை முதல் 42 பாகை செல்சியஸ் வரையாகும். சுற்றாடலின் சூடு 30 பாகையை அணுகும்போது அது அலகைத் திறந்து இளைக்கத் தொடங்கும். வாயிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகி உடலின் வெப்பத்தைக் கொண்டு செல்கிறது. இளைக்க இளைக்க உடல்நீர் குறையும். குறைந்த நீரைக் குடித்து ஈடுசெய்யாவிடின் உடற்சூடு ஏறும். அது 46 பாகையைத் தாண்டினாற் கோழி பிழைத்தல் அரிது.

முட்டையிடும் கோழியொன்று சாதாரண நாளில் ஏறக்குறைய 110 கிராம் தீனும், அதன் இரு மடங்கு, அதாவது கால் லீற்றர் அளவு நீரும் கொள்ளும். கச்சான் நாட்களில் தீன் குறைந்து நீர் இரு மடங்காகும். எனவே பத்துக் கோழிகளுக்கு இரண்டரை லீற்றர் போதும் என்று கணக்கிட்டவர் ஐந்து லீற்றருக்குக் குறையாமல் வைத்தல் வேண்டும். ஊர்க்கோழி சற்றுச் சிறிதாகலின் அதற்குக் கொஞ்சம் குறையலாம். ஆனால் மிஞ்சிய நீரை மரவள்ளிக்கோ கத்தரிக்கோ ஊற்றிவிடலாம், குறைந்த நீரை ஈடுசெய்ய வழியில்லை. முட்டையில் மூன்றில் இரண்டு பங்கு நீரே. ஒரே ஒரு நாள் முழுவதும் நீரின்றிக் கிடந்த கோழி, பின்பு பல நாட்களுக்கு முட்டையிடுவதைக் குறைத்துவிடும்.

அளவு சரியாயிருந்தும் பயன்படாமற் போவதற்குக் காரணம் நீரின் சூடாகும். குடிநீர் 30 பாகைக்கு மேற் சூடேறினாற் கோழி குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். வெயிலில் வைத்த தகரச் சட்டியில் நண்பகல் நீரைத் தொட்டுப் பார்த்தாற் கை சுடும். கூரைமேல் வைத்த கறுப்புப் பிளாஸ்டிக் தாங்கியும், மணலின்மேற் கிடக்கும் கறுப்புக் குழாயும் அவ்வாறே. குளிர்நாட்டாருக்கு உதவும் அந்தக் கறுப்பு நிறம் இங்கே பகையாகின்றது. குழாயை அரை முழ ஆழத்திற் புதைத்துவிடலாம்; அது இயலாவிடின், குழாயிற் கிடந்த சூட்டு நீரை முதலில் வாளியிற் பிடித்துப் பயிருக்கு விட்டு, பின்வரும் நீரையே சட்டியில் ஊற்றுதல் வேண்டும்.

இழப்பு பெரும்பாலும் நேர்வது சிறுபோக அறுவடை நாட்களிலாகும். விடியுமுன் வீட்டார் அனைவரும் வயலுக்குச் செல்வர். போகும்போது ஒரு சட்டி நீர் வைக்கப்படும். பத்து மணிக்குள் பாதி தீர்ந்து, மீதி சூடாகி, அதையும் ஒரு கோழி மிதித்துக் கவிழ்த்துவிட்டால், மாலை வரை கூட்டத்துக்கு ஒரு துளியும் இல்லை. வயலிலிருந்து திரும்புவோர் வேலியோரத்திற் செத்துக் கிடக்கும் கோழியைக் கண்டு நோய் என்று எண்ணி மருந்து தேடுவதுமுண்டு. கொழுத்த, நன்றாக முட்டையிடும் கோழியே முதலில் விழும் என்பதால் நட்டமும் பெரிது. இத்தகைய நாட்களிற் கவிழாத இரண்டு மூன்று சட்டிகளை வெவ்வேறு இடங்களில் வைப்பதும், நண்பகலில் ஒருமுறை நீரை மாற்றும்படி அயலவரிடமோ வீட்டிலிருக்கும் பிள்ளையிடமோ சொல்லிச் செல்வதும் இன்றியமையாதவை.

சட்டி இருக்கும் இடத்தைத் தேர்வதில் இரண்டு பிழைகள் வழக்கமாகக் காணப்படுகின்றன. ஒன்று, காலையில் நிழலாயிருக்கும் இடத்தில் வைத்து விடுதல். பிற்பகல் இரண்டு மணிக்கு அங்கே வெயில் விழும். தென்னை நிழல் ஓரிடத்தில் நில்லாது. மா, வேம்பு, மரமுந்திரிகை ஆகியவற்றின் அடர்ந்த நிழலோ, வீட்டுச் சுவரின் கிழக்குப் புறமோ நன்று. மற்றொன்று, கோழிகள் ஒதுங்கும் இடத்துக்குத் தொலைவில் வைத்தல். கொதிக்கும் மணலைக் கடந்து கோழி நீருக்கு வராது. அது படுத்திருக்கும் நிழலிலேயே நீரும் இருத்தல் வேண்டும்.

நீரைக் குளிரச் செய்யும் மலிவான கருவி மட்பாண்டம். மெருகிடாத மண் முட்டியின் நுண்துளைகளினூடாகக் கசியும் ஈரம் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிர்விக்கும். ஒரு லீற்றர் நீரில் 10 கிராம் மட்டும் ஆவியானாலும், வெளிச்சூடு உட்புகாதிருப்பின், எஞ்சிய நீர் ஐந்தாறு பாகை குளிரும். காற்று எவ்வளவு உலர்ந்திருக்கின்றதோ அவ்வளவுக்கு இவ்வேலை விரைந்து நடக்கும். கோழியை வாட்டும் கச்சான், முட்டிக்கு உதவி செய்கின்றது. மழைகாலத்தில் அதே முட்டி இவ்வளவு குளிராது.

முட்டியைக் குடிநீர்க் கலமாக்குவது எளிது. வாய் விளிம்பிலிருந்து அரை அங்குல உயரத்தில் ஒரு சிறு துளையிடுக. நீர் நிரப்பி, ஒன்றரை அங்குல ஆழமுள்ள தட்டையான மண்சட்டியை அதன்மேற் கவிழ்த்து மூடி, இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பி வைக்க வேண்டும். சட்டியில் நீர் துளையை மூடும் அளவுக்கு வந்து நின்றுவிடும். கோழி குடிக்கக் குடிக்க மேலும் இறங்கும். துளை சட்டியின் விளிம்புக்குக் கீழே இருப்பதை உறுதி செய்க. மேலே இருப்பின் நீர் முழுவதும் வழிந்து வீணாகும். குஞ்சுகள் உள்ள இடத்திற் சட்டியில் கூழாங்கற்களைப் பரப்பினால் அவை மூழ்கி இறவா. முட்டி நிற்கும் மணலையும் ஈரமாக வைத்தல் நன்று.

நாளடைவில் உப்பும் பாசியும் நுண்துளைகளை அடைக்கும். அதன்பின் முட்டி கசியாது, குளிராது. பாசி ஊரின் பெயரில் இருந்தாற் போதும், கோழியின் சட்டிக்கு வேண்டியதில்லை. இரண்டு முட்டிகளை வைத்துக்கொண்டு, ஒன்றைப் பொச்சுமட்டையால் தேய்த்துக் கழுவி வெயிலிற் காயவிட, மற்றதைப் பயன்படுத்துக. சவர்க்காரம் மண்ணில் ஊறிவிடுமாதலால் அதை விலக்குக.

கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட இம்மணல் நிலத்தில் இன்னொரு கவனமும் தேவை. இங்கே நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கடல்கோள் கிணறுகளில் உப்பை நிறைத்தபோது, அதனை வெளியேற்றும் நோக்கத்தோடு அளவுமீறி இறைத்த கிணறுகளில் அடியிலுள்ள உவர் மேலெழுந்தது; பின்னர் மழையே மெல்ல மெல்ல அந்த உப்பைக் கழுவியது. கோடையில் மிளகாய்த் தோட்டத்துக்குப் பம்பியால் நெடுநேரம் இறைப்பவர் அதே காரியத்தைச் சிறிய அளவிற் செய்கின்றனர். ஆதலாற் கோழிக்குரிய நீரை விடியற்காலையில், பம்பி தொடங்குமுன், வாளியால் மேலாக அள்ளி எடுத்து மூடி வைத்தல் வேண்டும். அந்நேரம் கிணற்று நீர் பகல்வெயிலின் சூடு ஏறாமலும் இருக்கும்.

ஒரு லீற்றர் நீரில் கரைந்துள்ள உப்பு 1 கிராமுக்குக் குறைவாயின் பாதகமில்லை. 3 கிராமைத் தாண்டினால் எச்சம் நீர்த்துக் கூட்டின் தரை சேறாகும். 5 கிராமுக்கு மேற்பட்ட நீரைக் கோழிக்குக் கொடுக்கலாகாது. குஞ்சுகளே முதலிற் பாதிக்கப்படும். கிணறு உவர்க்கும் மாதங்களில் வீட்டில் கலக்கும் தீனுக்கு உப்புச் சேர்த்தலும், உப்புக் கருவாட்டுக் கழிவு இடுதலும் தவறு.

தீன் செரிக்கும்போதும் உடலிற் சூடு பிறக்கின்றது. எனவே விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பின்னரும் தீனிட்டு, நடுப்பகலில் நீர் மட்டும் வைப்பது நலம். கோழி அடையுமுன் மாலையில் நிறையக் குடிக்கும். அப்பொழுது சட்டி வெறுமையாயிருத்தல் கூடாது. இளைத்தலால் இரத்தத்திலுள்ள கரியமிலவாயு குறைந்து முட்டையோடும் மெலியும். வாவிக்கரையிற் கிடைக்கும் மட்டி ஓடுகளைக் கழுவி உப்பகற்றி, இடித்துத் தனிச் சட்டியில் வைத்தால் ஓரளவு ஈடாகும்.

கூட்டின் மேற்குப் புறத்தைச் சாக்கினால் முற்றாக அடைப்பதும் வழக்கம். தூசி தடைப்படும், காற்றும் தடைப்படும். கூரையிற் கிடுகைத் தாழ இறக்கி வெயிலை மறைத்து, சாக்கை நனைத்து, மேலும் கீழும் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் உலர்ந்த கச்சான் அதனூடே குளிர்ந்து வரும்.

சிறகை விரித்து, கழுத்தை நீட்டி, அலகைத் திறந்து படுத்துவிட்ட கோழியை உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, கால்களையும் கொண்டையையும் கிணற்று நீரால் நனைக்க வேண்டும். தொண்டைக்குள் நீரை ஊற்றினால் மூச்சுக்குழாயிற் புகுந்து கொல்லும்; அலகின் நுனியை நனைத்து அதுவே குடிக்கும்படி விடுக.

இராணிக்கெட் நோய்க்கான தடுப்பு மருந்தை நீரிற் கலந்து கொடுக்கும் நாளில், குளோரின் தூள் இட்ட நீரைப் பயன்படுத்தலாகாது. குளோரினும் சூடும் மருந்தின் வீரியத்தை அழிக்கும். கோழி விடாயோடு குடிக்க வேண்டுமென்று முன்னதாக நீரை நிறுத்தி வைப்பதுண்டு. கச்சான் காலத்தில் இதனை விடியற்காலையிலேயே செய்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாது, மருந்து கலந்த குளிர்ந்த நீரை நிழலில் வைத்து, சூரியன் ஏறுமுன் முடித்துவிடுதல் வேண்டும். மருந்தின் அளவை அயலிலுள்ள மிருக வைத்திய அலுவலகத்திற் கேட்டறியலாம்.