# குறி போட்ட வரிகள்

மலேசியாவின் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஜோகூர் பாருவை நோக்கிப் போகும்போது, கூலாய் பக்கம் முன்பெல்லாம் இருபுறமும் செம்பனைதான். இப்போது அங்கே தரவு மையங்கள் எழும்புகின்றன. ஒய்டிஎல் குழுமத்தின் தரவு மையப் பூங்கா மட்டுமே 500 மெகாவாட் திட்டம். 2023 டிசம்பரில் என்விடியாவும் அந்தக் குழுமத்தோடு கைகோத்தது. இத்தகைய மையங்களின் சர்வர்களில் பெரும்பாலும் ஓடுவது லினக்ஸ். அதன் மையப் பகுதியான கெர்னலில் பெரும்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. அந்தக் கோப்புகளைத் திறந்தால் தொடக்கத்திலேயே # குறி போட்ட வரிகள் வரிசையாக நிற்கும்.

நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அதைப் படிக்கத் தொடங்கும் முன்பே, முன்செயலி என்ற கருவி வந்து இந்த வரிகளைக் கவனித்துவிடும். ‘#இன்குளூட்’ என்றால் வேறொரு கோப்பை அப்படியே அந்த இடத்தில் கொட்டும். ‘#டிஃபைன்’ என்றால் ஒரு சொல் வரும் இடமெல்லாம் இன்னொன்றை வைக்கும். ‘#இஃப்டெஃப்’ என்றால், குறிப்பிட்ட பெயர் வரையறுக்கப்பட்டிருந்தால் மட்டுமே அடுத்த வரிகளை விட்டுவைக்கும். ஒரே கெர்னல் கைப்பேசிக்கும் சூப்பர் கம்ப்யூட்டருக்கும் பொருந்துவதில் இந்த மூன்றாவதற்குப் பெரும் பங்கு உண்டு.

முன்செயலி காய் நறுக்கிக் கொடுக்கும் ஆள் மாதிரி. ருசி அதற்குத் தெரியாது.

‘#டிஃபைன் வர்க்கம்(அ) அ*அ’ என்று எழுதிப் பாருங்கள். 2020இல் வந்த ஜிசிசி 10 கம்பைலர் முதல் ‘வர்க்கம்’ என்ற பெயரைத் தமிழ் எழுத்திலேயே கொடுக்கலாம். வர்க்கம்(5) கேட்டால் 25 வரும். வர்க்கம்(2+3) கேட்டால் வருவது 11! முன்செயலி எதையும் கூட்டிப் பார்ப்பதில்லை. 2+3*2+3 என்று எழுத்தை மட்டும் மாற்றி வைக்கிறது. பெருக்கல் முந்திக்கொள்கிறது. ((அ)*(அ)) என்று அடைப்புக்குறி போட்டுவிட்டால் கணக்கு சரியாகிவிடும்.

டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில் 1972-73 வாக்கில், ஓரளவு ஆலன் ஸ்னைடரின் வற்புறுத்தலால் முன்செயலி சேர்ந்தது. பிறகு மைக் லெஸ்க்கும் ஜான் ரைசரும் அதை விரிவாக்கினார்கள்.

முன்செயலியின் அருமை 2014 ஏப்ரல் 7 அன்று தெரிந்தது. இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியான நாள் அது. தாக்குபவர் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் சர்வரின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை கசியும். அதில் கடவுச்சொல்லும் இருக்கலாம், இரகசியச் சாவியும் இருக்கலாம். 1.0.1ஜி பதிப்புக்கு உடனே மாற முடியாதவர்களுக்கு அன்றைய அறிவிப்பிலேயே ஒரு வழி சொல்லப்பட்டிருந்தது: ‘ஓப்பன்எஸ்எஸ்எல்_நோ_ஹார்ட்பீட்ஸ்’ என்ற பெயரை வரையறுத்து மறுபடி கம்பைல் செய்யுங்கள். ஓட்டை இருந்த பகுதி, அந்தப் பெயர் வரையறுக்கப்படாதபோது மட்டும் விட்டுவைக்கச் சொல்லும் # வரிகளுக்குள் ஏற்கெனவே அடங்கியிருந்தது. பெயரைக் கொடுத்ததும் முன்செயலி அந்தப் பகுதியை நீக்கிவிட்டது; கம்பைலர் கண்ணில் அந்த வரிகள் படவே இல்லை.