விரைவும் அவசரமும்

விரைவு, வேகம், துரிதம், அவசரம், பதற்றம் ஆகியவற்றை ஒரே வரிசையில் நிறுத்தி, ஒரு பொருள் குறித்த பல சொற்கள் என மாணவர்க்குக் கற்பிப்பது பள்ளிகளில் உள்ள வழக்கம். தேர்வுக்கு அது போதும். ஆனால் பேச்சு வழக்கு இவற்றை ஒன்றாக்கிவிடவில்லை. கோலசிலாங்கூர் வட்டாரத்திலும் அதற்கு வடக்கே உள்ள தோட்டங்களிலும் தமிழர் செய்த தொழிலை நோக்கினால், இச்சொற்களுக்கு இடையே உள்ள எல்லைக்கோடு தெளிவாகத் தெரியும்.

இரப்பர் மரத்தை வைகறையிலேயே சீவ வேண்டும். அப்போது பட்டையிலுள்ள பாற்குழல்கள் நீர் நிறைந்து விம்மி நிற்கும். வெயில் ஏற ஏற இலைவழியே நீர் வெளியேறும், குழல்கள் தளரும், பால் குறையும். ஆதலின் தம் நிரையிலுள்ள நூற்றுக்கணக்கான மரங்களையும் வெயில் ஏறுமுன் சீவி முடிக்கத் தொழிலாளி விரைய வேண்டியிருந்தது. அதே வேளையில், ஒரு வெட்டில் சீவத்தக்க பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவே. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள மெல்லிய உயிர்ப்படலத்தில் உளி பட்டுவிட்டால் மரம் காயப்படும். அவ்விடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னாளில் அங்கே சீராகச் சீவ இயலாது. கைதேர்ந்தவர் விரைந்து சீவினார், மரத்துக்குக் கேடில்லை. அவசரப்பட்டவர் கையில் மரம் காயப்பட்டது. கடிகாரத்தில் இருவரும் எடுத்துக்கொண்ட நேரம் ஒன்றாகவே இருந்திருக்கலாம்.

வேற்றுமை எங்கே உள்ளது? ‘விரைந்து வந்தான்’ என்றால் வருகையின் தன்மை சொல்லப்படுகிறது. ‘அவசரமாக வந்தான்’ என்றால் வருகைக்குப் பின்னே நின்று உந்தும் ஒரு தேவை சொல்லப்படுகிறது. ‘பதறி வந்தான்’ என்றால் வந்தவனுடைய உள்ளம் சொல்லப்படுகிறது. பேரனுக்குக் காய்ச்சல் என்று மருந்தகத்துக்குக் கோலூன்றி நடக்கும் மூதாட்டிக்கு அவசரம் உண்டு, விரைவு இல்லை.

‘படு’ என்னும் துணைவினை இதனை இன்னும் நன்றாகக் காட்டும். துன்பப்படு, கவலைப்படு, அச்சப்படு என்பன போலவே அவசரப்படு என்கிறோம். இவை ஒருவன் செய்வன அல்ல, அவனுக்கு நேர்வன. விரைவுக்கு இத்தகைய வழக்கு இல்லை. விரைகிறான் என்றே சொல்வோம். ‘அவசரப்படாதே’ என்று அறிவுரை கூறுவோர் பலர். ‘அவசரப்படு’ என்று அறிவுரை கூறுவோர் ஒருவரும் இலர். வேலையை விரைவுபடுத்தலாம், ஆளையோ அவசரப்படுத்துகிறோம். முன்னதற்குச் செயல் செயப்படுபொருள், பின்னதற்கு மனிதன். மேற்பார்வை செய்வோர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்ட தோட்டங்களில் மரங்கள்தாம் தண்டனை பெற்றன.

விரைவு பழந்தமிழ்ச் சொல். தொல்காப்பிய உரியியல் கதழ்வு, துனைவு என்னும் சொற்களுக்குப் பொருள் கூறுகையில் விரைவு என்பதையே தெரிந்த சொல்லாக வைத்து விளக்குகிறது. கடி என்னும் உரிச்சொல்லின் பல பொருள்களுள்ளும் அஃது ஒன்று. வேகமும் துரிதமும் வடமொழி வழி வந்தவை. அவற்றுள் வேகம், ஆற்றுக்கும் வண்டிக்கும் உரிய அளவுச் சொல்லாயிற்று. அதனால்தான் ‘குறைந்த வேகம்’ என்று கூறினும் பொருள் முரண்படுவதில்லை.

அவசரத்தின் வரலாறு சுவையுடையது. வடமொழியில் அது தக்க வாய்ப்பையும் சமயத்தையும் குறித்தது. மலையாளத்தில் இன்றும் வாய்ப்பு என்பதே பொருள். தெலுங்கில் தேவை, கன்னடத்தில் தமிழைப் போலவே பரபரப்பு. தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் கலந்து உழைத்த மலாயாத் தோட்டங்களில் இந்த ஒரு சொல் மூன்று பொருளில் ஒலிக்க இடமிருந்தது. தெலுங்கர் ஒருவர் ‘அவசரம் இல்லை’ என்றால், ‘வேண்டியதில்லை’ என்றே பொருள். ‘மெதுவாகக் கொடு’ என்பதன்று.

மலாயாவில் 1948 ஜூனில் தொடங்கி 1960 ஜூலை 31-இல் முடிந்த காலத்தை ‘அவசரகாலம்’ என்றே தமிழர் வழங்குகின்றனர். பன்னிரண்டு ஆண்டு நீண்டதை அவசரம் என்பது எப்படிப் பொருந்தும்? அங்கே பொருள் விரைவு அன்று, நெருக்கும் தேவை. அதற்குரிய மலாய்ச் சொல்லான ‘டாருராட்’ அரபு மொழியில் இன்றியமையாத் தேவையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தெலுங்கின் அவசரமும் அரபுச் சொல்லும் இங்கே கைகோத்து நிற்கின்றன.

கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபொக்கொனியே செம்பனை பயிரிட்டார். வணிக நோக்கில் நாட்டில் முதன்முதல் செம்பனை பயிரான இடம் அதுவே. (தமிழ்ப் பெயர் தாங்கிய தோட்டத்தில் தென்னையை விட்டுச் செம்பனை புகழ்பெற்றது ஒரு வேடிக்கை.) இரப்பர்க் காடுகள் பலவும் பின்னர்ச் செம்பனைக்கு இடங்கொடுத்தன. செம்பனைக் குலையைப் பழுக்குமுன் வெட்டினால் எண்ணெய் குறையும். பழுத்து உதிரிப் பழம் விழும்வரை பொறுக்க வேண்டும். வெட்டிய பிறகோ பொறுத்தல் கூடாது. அடிபட்ட பழத்தில் கொழுப்பு அமிலம் பெருகி எண்ணெய் தரம் கெடும். ஆதலின் குலை விரைவில் ஆலை சேர வேண்டும். காலந்தாழ்த்திச் செய்யத்தக்கதைத் தாழ்த்தியும், தாழ்த்தாது செய்யத்தக்கதை உடனேயும் செய்க என்று வள்ளுவர் வினைசெயல்வகையில் கூறியதற்கு உரை சொல்லும் ஆசிரியர்க்கு, பள்ளிக்கு எதிரே நிற்கும் செம்பனை ஒன்றே போதிய சான்று. அங்கே அவர் ஆளும் தூங்குதல் என்னும் சொல் உறக்கம் அன்று, தாழ்த்தல் என்பதையும் உடன் சொல்லிவிடலாம்.

விரைவு காலத்தையே மாற்றிவிடும் என்பதும் இலக்கணம் கண்ட உண்மை. எதிர்காலச் செயலையும் நிகழ்காலச் செயலையும் விரைவு காரணமாக இறந்தகாலத்தில் சொல்லலாம் என்பது தொல்காப்பிய விதி; நன்னூலும் உடன்படும். இன்னும் உண்ணாதவன், உடன் செல்வோன் அழைத்தவுடன் உண்டுவிட்டதாகவும் புறப்பட்டுவிட்டதாகவும் விடை கூறுவதை உரையாசிரியர் எடுத்துக்காட்டுவர். இருள் பிரியுமுன் பெரட்டுக்குக் கங்காணி குரல் கொடுக்க, லயத்துக்குள்ளிருந்து ‘இதோ வந்துட்டேன்’ என்ற விடை வந்ததும் இவ்விதியின்படியே. விடை சொன்னவர் அப்போது தலைப்பாகையைத் தேடிக்கொண்டிருப்பார். அது பொய்யன்று, கால மயக்கம்.

சீக்கிரம் என்பதற்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ‘சீக்கிரம் நட’ என்பதில் விரைவு. ‘சீக்கிரம் எழுந்தான்’ என்பதில் உரிய நேரத்துக்கு முன்பு. ‘உடனடியாக’ என்னும் பொருளில் மலாய்க்காரர் வழங்கும் ‘செகெரா’வும் இதே வடமொழி மூலத்தினின்று பிறந்ததே. முன்னேரத்தைக் குறிக்கத் தோட்டத் தமிழர் ‘வெள்ளன’ என்று தனிச்சொல் வைத்துக்கொண்டனர். விடியலின் வெளுப்பிலிருந்து வந்த ‘வெள்ளென’ என்பதன் திரிபு அது. ‘வெள்ளன வா’ என்றால் ஓடிவர வேண்டியதில்லை. நேரத்தோடு புறப்பட்டால் போதும்.