சித்திர வகுப்பும் பிள்ளைகளின் சுகமும்

கடந்த இதழில் சலரோகம் பற்றி எழுதியிருந்தோம். இம்முறை எடுத்துக்கொள்வது உயர்நிலைப் பாடசாலையில் எமது பிள்ளைகள் படிக்கும் சித்திரப் பாடம். "வைத்தியருக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். பத்தாம் ஆண்டில் பாடம் தெரிவு செய்யும் நாட்கள் வந்தால் தலையிடி, வயிற்று நோ, நித்திரையின்மை என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோரை நாம் காண்கிறோம். இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இராது. பிள்ளையுடன் தனியாகக் கதைத்தால், சித்திரம் படிக்க ஆசை, வீட்டில் கெமிஸ்ற்றி எடுக்கச் சொல்கிறார்கள் என்று மெல்ல வெளியே வரும்.

முதலில் பாடத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். நியூ சவுத் வேல்சில் ஏழாம், எட்டாம் ஆண்டுகளில் எல்லாப் பிள்ளைகளும் 100 மணி நேரம் காண்கலை படிக்க வேண்டும். எச்.எஸ்.சி.யில் இதன் பாதிப் புள்ளிகள் பிள்ளை மாதக்கணக்காகச் செய்து முடிக்கும் படைப்புக்கு உரியவை. மற்றப் பாதி, கலை வரலாறும் விமர்சனமும் பற்றிய எழுத்துப் பரீட்சைக்கு. விக்ரோறியாவில் 2023 முதல் வீ.சீ.ஈ.யில் புதிய பாடத்திட்டம் நடைமுறையில் உள்ளது. அங்கும் எழுத்துப் பரீட்சை உண்டு. ஆகவே "சும்மா படம் கீறுகிற பாடம்" என்பது தவறான கணிப்பு. ஏடார் கணிப்பிலும் இப்பாடம் சேரும். சித்திரத்தையும் கெமிஸ்ற்றியையும் ஒன்றாக எடுக்கும் பிள்ளைகளும் உண்டு. ஒன்றை எடுத்தால் மற்றதை விடவேண்டும் என்ற கட்டாயம் எப்போதும் இல்லை. சந்தேகம் உள்ளவர்கள் சிட்னியில் ஆர்ட்எக்ஸ்பிரஸ் கண்காட்சிக்கோ மெல்பேணில் விக்ரோறிய தேசியக் கலைக்கூடம் நடத்தும் ரொப் ஆர்ட்ஸ் கண்காட்சிக்கோ ஒருமுறை போய்ப் பாருங்கள். தொங்குவதெல்லாம் பன்னிரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் வேலை.

சித்திரம் எமக்குப் புதிதுமல்ல. யாழ்ப்பாணத்தில் எஸ்.ஆர். கனகசபை, பின்னர் அ. மாற்கு போன்றோர் தாங்கள் கீறியதோடு நில்லாமல் பல மாணவர்களையும் உருவாக்கியவர்கள். இங்கே, 1988இல் கொழும்பில் பிறந்து கைக்குழந்தையாக அகதியாய் வந்து சிட்னியில் வளர்ந்த ரமேஷ் மரியோ நித்தியேந்திரன் இன்று நாடறிந்த சிற்பி. ஓவியமும் வரைதலும் படித்துத்தான் அவர் களிமண்ணுக்குப் போனார். எல்லாப் பிள்ளைகளும் அப்படி வருவார்கள் என்று நாம் சொல்லவில்லை. அப்படி வந்தால்தான் படிக்கலாம் என்றும் இல்லை.

படம் கீறுவதால் உடலுக்கு நன்மை உண்டா? 2016இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் என்பவரும் சகாக்களும் 39 வளர்ந்தவர்களை 45 நிமிடம் கலை வேலையில் ஈடுபடுத்தி, முன்னும் பின்னும் உமிழ்நீரில் கோட்டிசோல் என்னும் மன அழுத்த ஹோர்மோனை அளந்தார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்தது. முன் அனுபவம் இல்லாதவர்களுக்கும் குறைந்தது. சிறிய ஆய்வு, ஒப்பிட வேறொரு குழுவும் இருக்கவில்லை. இதை வைத்து மருந்துச்சீட்டு எழுத முடியாது. ஆனாலும் பரீட்சை வருடத்தில் பிள்ளையின் மூச்சு சீராகும் நேரம் இது ஒன்றுதான் என்றால், அதைப் பறித்து இன்னொரு ரியூசன் வைப்பது புத்தியான காரியமாக எமக்குப் படவில்லை. மறுபுறம், மூன்றாம் தவணையில் படைப்பை முடிக்கும் அவசரமும் மாதிரிப் பரீட்சையும் ஒன்றாக வந்து விழும். அப்போது இரவிரவாக விழித்திருப்பதைத் தடுக்க வேண்டும்.

அடுத்ததுதான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது. பிள்ளையின் கொப்பியில் கறுப்பு நிறமும் எரியும் வீடும் முகமில்லாத ஆட்களும் இருந்தால் அம்மா அப்பா பதறிப்போகிறார்கள். சிலர் கிழித்தே விடுகிறார்கள். தயவுசெய்து கிழிக்காதீர்கள். பதின்ம வயதில் இருண்ட படம் கீறுவது சாதாரணம். வீட்டில் யாரும் பேசாத போர்க்கதை, இங்கு பிறந்த பிள்ளையின் கையிலும் வரும். 2014இல் அவுஸ்திரேலிய மனித உரிமை ஆணைக்குழு தடுப்பு முகாம்களில் இருந்த சிறுவர்களைப் பற்றி விசாரித்தபோது, அவர்கள் கீறிய படங்களையும் தன் அறிக்கையில் சேர்த்தது. கம்பிகளும் அழும் முகங்களும் நிறைந்த படங்கள் அவை. எங்கள் பக்கத்திலும் ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் விட்டுவந்த வீடுகளை நினைவிலிருந்து கீறிய வரைபடங்களைத் திரட்டி 2011இல் ஒரு நூலாக்கினார். வாயால் சொல்ல முடியாத பெரியவர்கள்கூட, அறை எங்கே, கிணறு எங்கே என்று தாளில் காட்டினார்கள்.

எனவே "ஏனடா இப்படிக் கண்டறியாத படம்?" என்று கேட்பதை விட்டு, "இதைப்பற்றிக் கொஞ்சம் சொல்லு பார்ப்பம்" என்று கேளுங்கள். படத்தை வைத்து நோய் கண்டுபிடிக்க எம்மாலும் இயலாது, உங்களாலும் இயலாது. பிள்ளையைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை, சாப்பாடு குழம்பியிருக்கிறதா? நண்பர்களை விட்டு ஒதுங்குகிறதா? முன்பு விரும்பிச் செய்ததை விட்டுவிட்டதா? வெயிலிலும் நீளக்கைச் சட்டையைக் கழற்ற மறுக்கிறதா? சாவதைப் பற்றிக் கதைத்தாலோ எழுதினாலோ கீறினாலோ அன்றைக்கே நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. உடனடி ஆபத்தென்றால் 000.

மற்றப்படி குடும்ப வைத்தியரிடம் நீண்ட நேரச் சந்திப்பாகப் பதிந்து வாருங்கள். மனநல சிகிச்சைத் திட்டம் எழுதினால், வருடத்துக்குப் பத்துத் தடவை வரை உளவியலாளரைப் பார்க்க மெடிக்கெயர் உதவும். போரின் பாதிப்பு உள்ள குடும்பங்களுக்கு விக்ரோறியாவில் பவுண்டேஷன் ஹவுசும் சிட்னியில் ஸ்ரார்ட்ஸ் நிறுவனமும் உள்ளன. 12 முதல் 25 வயதினருக்கு ஹெட்ஸ்பேஸ். பிள்ளை தானே கதைக்க விரும்பினால் கிட்ஸ் ஹெல்ப்லைன் 1800 55 1800. "ஊருக்குத் தெரிந்துவிடும்" என்ற பயம் வேண்டாம். எமது அறையில் பேசுவது அங்கேயே நிற்கும்.

இன்னொரு விடயம் நிறக்குருடு. இலையை மண்ணிறத்திலும் வானத்தை ஊதாவிலும் தீட்டும் பையனைக் கவனயீனம் என்று ஏசுவதற்கு முன் கண்ணைச் சோதியுங்கள். ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு இது உண்டு, ஆசியர்களிடம் சற்றுக் குறைவு, பெண்களில் மிக அரிது. பெரும்பாலும் தாயின் வழியாக வருவது. அம்மாவின் தகப்பனுக்கோ சகோதரனுக்கோ இருந்ததா என்று விசாரியுங்கள். புள்ளிப் படங்களைக் காட்டிச் சில நிமிடங்களில் கண்டறியலாம். சித்திரம் படிக்க இது தடையல்ல. வர்ணக் குழாய்களில் நிறத்தின் பெயர் இருக்கும், ஆசிரியரிடம் முன்கூட்டியே சொன்னால் போதும். பின்னாளில் விமானமோட்டி போன்ற வேலைகளைத் தெரிவு செய்யும்போதுதான் இது முக்கியம். அதற்கும் முன்னரே தெரிந்திருப்பது நல்லது.

ஆஸ்துமா என்னும் முட்டு வருத்தம் உள்ள பிள்ளைகளுக்கு நீர் வர்ணமும் அக்ரிலிக்கும் பெரும்பாலும் தொந்தரவு தராது. டர்பென்டைனும், கரித்துண்டுப் படம் அழியாமல் அடிக்கும் ஸ்பிரேயும் இழுப்பைக் கிளப்பக்கூடும். ஸ்பிரேயை வெளியே நின்று அடிக்க வேண்டும். நீல நிறப் பஃபர் பாடசாலைப் பையில் இருக்க வேண்டும். தூரிகையின் நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் கூடாது. சில வர்ணங்களில் கட்மியம், பழைய குழாய்களில் ஈயம்கூட இருக்கலாம். எண்ணெய் வர்ணம் பாவிப்போர் ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணிகளைச் சுருட்டிக் கராஜ் மூலையில் போடாதீர்கள். காயும்போது அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியவை. தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகரத்தில் போட்டு, வீட்டுக்கு வெளியே வையுங்கள்.